நோயுற்ற குழந்தைக்கு உல்லாசப் பயணம் தேவையா?

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி எழுதிய கட்டுரை)

முன்னுரை

“குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே” என்பது நம் பெரியோர் வாக்கு. ஓடியாடித் திரியும் குழந்தையைக் கொண்டாட எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் கையில் ஊசி செருகப்பட்டு, தலைமுடி உதிர்ந்து, மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் குழந்தையை யார் கொண்டாடுவது? அதன் அருகில் இரவு பகலாக விழித்திருக்கும் தாயை யார் தேற்றுவது? வீட்டில் விட்டுவரப்பட்ட அண்ணனையும் அக்காளையும் யார் நினைப்பது?

சென்ற ஆண்டு நன்னெறி வகுப்பில் எங்கள் சிஸ்டர், அமெரிக்காவில் கடுமையான நோயுற்ற குழந்தைகளுக்காகவே அமைந்த ஓர் உல்லாசக் கிராமத்தைப் பற்றிச் சொன்னார்கள். அங்கே அக்குழந்தையும் அதன் குடும்பத்தாரும் ஒரு வாரம் தங்கலாம். ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. சிஸ்டர் சொல்லி முடித்ததும் என் தோழி ஒருத்தி எழுந்து, “சிஸ்டர், மருந்து வாங்கவே வழியில்லாமல் எத்தனையோ குழந்தைகள் சாகிறார்கள். அந்தப் பணத்தில் ஐஸ்கிரீமும் ராட்டினமும் எதற்கு?” என்று கேட்டாள். வகுப்பில் பாதிப் பேர் கைதட்டினோம். “நல்ல கேள்வி. இதற்கு யார் பதில் சொல்கிறீர்கள்?” என்றார்கள் சிஸ்டர். நான் பாதி தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டேன். அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக் கதையைத் தொட்டதால் எனக்குப் பேச்சு வரவில்லை. அன்று சொல்லாத பதிலே இக்கட்டுரை.

வெறுமையாய்க் கிடந்த அறை

முதலில் அந்தக் கிராமம் எப்படித் தோன்றியது என்பதைப் பார்ப்போம். அதன் பெயர் ‘கிவ் கிட்ஸ் தி வேர்ல்ட்’. ‘குழந்தைகளுக்கு உலகையே கொடுங்கள்’ என்பது அதன் பொருள். அது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிஸ்ஸிம்மி என்னும் ஊரில் இருக்கிறது. டிஸ்னி கேளிக்கைப் பூங்கா அங்கிருந்து அருகில்தான்.

இதைத் தொடங்கியவர் ஹென்றி லாண்ட்விர்த் என்னும் யூதர். அவர் 1927ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் ஆன்ட்வெர்ப் நகரில், தம் இரட்டைச் சகோதரியுடன் பிறந்தார். பின்னர் குடும்பம் போலந்து நாட்டுக்குச் சென்றது. அங்கேதான் இரண்டாம் உலகப் போர் அவர்களைப் பிடித்துக்கொண்டது. பதின்மூன்று வயது முதல் பதினெட்டு வயது வரை ஹென்றி நாஜிகளின் சிறைமுகாம்களிலேயே கழித்தார். ஆஷ்விட்ஸ் என்னும் கொடிய முகாமும் அவற்றுள் ஒன்று. தந்தையும் தாயும் கொல்லப்பட்டனர். ஹென்றியும் சகோதரியும் உயிர் தப்பினர். நமக்கு இப்போது நடக்கும் வயதில் அவருக்கு நடந்தது இது, தோழியரே! நாம் பொதுத்தேர்வுக்கு அஞ்சும் வயதில் அவர் உயிருக்கு அஞ்சிக்கொண்டிருந்தார்.

போர் முடிந்தபின் அவர் கப்பலேறி அமெரிக்கா சென்றார். சட்டைப் பையில் 20 டாலர்தான் இருந்தது. அந்நாட்டுப் படையில் பணியாற்றி, பிறகு ஹோட்டல் தொழில் கற்று, அடிமட்ட வேலையிலிருந்து படிப்படியாக உயர்ந்தார். 1954ஆம் ஆண்டு புளோரிடாவுக்குக் குடியேறினார். விண்வெளி ஏவுதளம் இருக்கும் கேப் கனாவரலுக்கு அருகே அவர் நடத்திய விடுதியில் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்கள் எழுவரும் தங்குவது வழக்கம். அவர்கள் அவருக்கு நண்பர்களாயினர். பின்னர் அவர் பல ஹோட்டல்களுக்கு உரிமையாளரானார்.

அமெரிக்காவில் நோயுற்ற குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றும் அறநிலையங்கள் இருக்கின்றன. டிஸ்னி பூங்காவுக்குப் போக ஆசைப்படும் குழந்தைகளுக்கு அவர் தம் ஹோட்டலில் இலவசமாக அறை கொடுத்துவந்தார். 1986ஆம் ஆண்டு அப்படி ஒரு வேண்டுகோள் வந்தது. ஏமி என்ற சிறுமி, வயது ஆறு, இரத்தப் புற்றுநோய். மிக்கி மவுஸைப் பார்க்க வேண்டும் என்பதே அவள் ஆசை. ஹென்றி உடனே அறை தருவதாகச் சொல்லிவிட்டார். ஆனால் விமானச் சீட்டு, பூங்கா நுழைவுச்சீட்டு, மற்ற ஏற்பாடுகள் என்று ஒவ்வொன்றாக முடிப்பதற்குள் நாட்கள் ஓடிவிட்டன. ஏமி வரவில்லை. அவள் இறந்துவிட்டாள். அறை மட்டும் காத்திருந்தது.

வேறொருவராயிருந்தால், “நம்மால் ஆனதைச் செய்தோம், கொடுத்துவைக்கவில்லை” என்று இருந்திருப்பார். ஹென்றியால் அப்படி இருக்க முடியவில்லை. இனி எந்தக் குழந்தைக்கும் இப்படி நேரக்கூடாது என்று உறுதி பூண்டார். டிஸ்னி போன்ற பூங்காக்களின் அதிகாரிகளையும் மற்ற நிறுவனத்தாரையும் நேரில் சென்று கண்டார். தங்குமிடம், உணவு, நுழைவுச்சீட்டு எல்லாம் ஒரே இடத்தில், எந்த நேரமும் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பதே அவர் திட்டம். குழந்தை வரும் என்று தெரிந்தபின் ஏற்பாடு தொடங்குவதை விட்டு, ஏற்பாட்டை முன்பே முடித்துவிட்டுக் குழந்தைக்காகக் காத்திருப்பது! இந்த ஒரு மாற்றமே அவர் செய்த பெரும் பணி என்பது என் கருத்து. முதலில் ஹோட்டல் அறைகளில் நடந்த இத்தொண்டு வளரவே, 1989ஆம் ஆண்டு தனிக் கிராமமே எழுந்தது.

கிராமத்தில் ஒரு வாரம்

இன்று அக்கிராமம் சுமார் 89 ஏக்கர் பரப்பில், 160க்கும் மேற்பட்ட சிறு வீடுகளுடன் விளங்குகிறது. வருபவர்கள் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்று தங்குகிறார்கள். எல்லா வீடுகளும் சக்கர நாற்காலி தடையின்றிச் செல்லும்படி அமைந்தவை. ராட்டினத்திலும் சக்கர நாற்காலியோடு ஏறலாம். நீச்சல் குளத்துக்குப் படிகளே இல்லாத சரிவான வழி உண்டு. நடக்க முடியாத குழந்தையும் மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து நீரில் இறங்கலாம்.

உணவுக்கூடம் கதைப்புத்தகத்தில் வரும் இஞ்சி ரொட்டி வீட்டைப்போல் இருக்கிறது. ஐஸ்கிரீம் மாளிகை ஒன்று காலையிலேயே திறந்துவிடும். காலைப் பலகாரமாக ஐஸ்கிரீம் கேட்டாலும் அங்கே மறுப்பவர் இல்லை! கிராமத்துக்கு ஒரு ‘மேயர்’ உண்டு. அவர் ஆளுயர முயல் வேடம் அணிந்தவர். இரவில் வீடு தேடி வந்து, குழந்தைகளைப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டுப் போவார். வாரந்தோறும் அங்கே கிறிஸ்து பிறப்பு விழா! சாண்டா கிளாஸ் வந்து பரிசு கொடுப்பார்.

வாரந்தோறும் கிறிஸ்துமஸ் எதற்கு என்று முதலில் எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு புரிந்தது. அடுத்த டிசம்பர் எல்லாக் குழந்தைகளுக்கும் வரும் என்று சொல்ல முடியாது அல்லவா?

‘அற்புதங்களின் கோட்டை’ என்னும் கட்டடம் ஒன்று அங்கே உண்டு. நோயுற்ற குழந்தை ஒவ்வொன்றும் ஒரு பொன்னிற நட்சத்திரத்தில் தன் பெயரை எழுதும். அந்த நட்சத்திரம் கோட்டையின் உட்கூரையில் பதிக்கப்படும். இப்போது அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் இருக்கின்றன. குழந்தை குணமடைந்தாலும், இறைவனிடம் சென்றுவிட்டாலும் அந்த நட்சத்திரத்தை யாரும் எடுப்பதில்லை.

இக்கிராமத்துக்கு யார் வேண்டுமானாலும் போய்விட முடியாது. 3 வயது முதல் 18 வயது வரையுள்ள, கடுமையான நோயுற்ற குழந்தையாக இருக்க வேண்டும். ஆசை நிறைவேற்றும் அறநிலையம் ஒன்று அக்குழந்தையைத் தேர்ந்து அனுப்ப வேண்டும். பயணம் செய்யலாம் என்று மருத்துவர் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலிருந்தும், 70க்கும் மேற்பட்ட பிற நாடுகளிலிருந்தும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதுவரை வந்து சென்றிருக்கின்றன. சமையற்கூடத்தில் பரிமாறுவது முதல் ராட்டினம் ஓட்டுவது வரை பெரும்பாலான பணிகளைச் சம்பளம் வாங்காத தொண்டர்களே செய்கிறார்கள். கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட கிராமம், 2021 ஜனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. ஹென்றி லாண்ட்விர்த் 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், தம் 91ஆம் வயதில் காலமானார். சிறுவயதைப் பறிகொடுத்தவர் பிறர் பிள்ளைகளின் சிறுவயதைக் காக்கவே தம் முதுமையைச் செலவிட்டார் எனில் மிகையாகாது.

இத்தகைய பிற பணிகள்

இத்தொண்டில் அவர் தனியாக இல்லை. 1980ஆம் ஆண்டு அரிசோனா மாநிலத்தில், இரத்தப் புற்றுநோயுற்ற கிறிஸ் என்னும் ஏழு வயதுச் சிறுவன், போலீஸ்காரனாக வேண்டும் என்று ஆசைப்பட்டான். அங்குள்ள காவலர்கள் அவனுக்கு அளவெடுத்துச் சீருடை தைத்து, ஹெலிகாப்டரில் ஏற்றி, ஒரு நாள் அவனைக் காவலனாகவே ஆக்கினர். சில நாட்களில் அவன் இறந்தான். அந்த நிகழ்ச்சியிலிருந்து பிறந்ததே ‘மேக் எ விஷ்’ அறநிலையம். அது இன்று நம் இந்தியா உட்படப் பல நாடுகளில் பணி செய்கிறது.

நம் திருச்சபையிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1956ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் மைக்கேல் ஸ்ட்ரோட் என்னும் மருத்துவர், ஊனமுற்ற சில குழந்தைகளை லூர்து மாதா திருத்தலத்துக்கு அழைத்துச் சென்றார். லூர்து நகரில் நோயாளிகளுக்கென்றே மருத்துவமனைகள் உண்டு. ஆயினும் அவர் குழந்தைகளை அங்கே தங்க வைக்கவில்லை. மற்ற யாத்திரிகர்களைப்போல் ஹோட்டலில் தங்க வைத்தார். ‘இவர்கள் ஆண்டு முழுவதும் நோயாளிகள்; இந்த ஒரு வாரமாவது குழந்தைகளாக இருக்கட்டும்’ என்பதே அதன் கருத்தாக எனக்குத் தோன்றுகிறது. அவர் தொடங்கிய யாத்திரை இன்றும் ஈஸ்டர் காலத்தில் நடைபெறுகிறது.

எங்கள் வீட்டில் நடந்தது

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்” என்பது பழமொழி. ஆகவே எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது என் தம்பிக்கு வயது ஐந்து. ஓயாத காய்ச்சல்; காலிலும் கையிலும் நீலநீலமாகத் தழும்புகள். இரத்தம் சோதித்த மருத்துவர், உடனே சென்னைக்குக் கொண்டு போகச் சொன்னார். தம்பிக்கும் இரத்தப் புற்றுநோய். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் நல்ல இரத்த அணுக்கள் உண்டாவதற்குப் பதில் முதிராத வெள்ளை அணுக்கள் பெருகிவிடும் நோய் அது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே அதிகம். சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நடக்கும். மருந்து நோயை அழிக்கும்போதே உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் குறைத்துவிடுவதால், கூட்டம் கூடும் இடத்துக்குக் குழந்தையைக் கொண்டு போகக்கூடாது. பள்ளிக்கூடம் இல்லை, திருவிழா இல்லை, சில மாதங்கள் கோவில்கூட இல்லை.

அம்மா தம்பியோடு சென்னையில் இருந்தார்கள். அப்பா வேலைக்கும் சென்னைக்குமாக இரவு ரயிலில் அலைந்தார்கள். என்னை ஆச்சி வீட்டில் விட்டார்கள். அந்த ஆண்டுதான் எனக்குப் புதுநன்மை. வெள்ளை உடுப்பை ஆச்சிதான் தைக்கக் கொடுத்தார்கள். கோவிலில் என் பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் அம்மா வந்திருந்தார்கள். எனக்கு ஆச்சி வந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்ததும், “தம்பி எப்படி இருக்கிறான்?” என்றே கேட்பார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டவர் இல்லை. அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. நானாயிருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் ஒருநாள் இரவு ஜெபம் சொல்லும்போது, ‘ஆண்டவரே, எனக்கும் காய்ச்சல் வரட்டும், அம்மா என்னிடமும் வருவார்கள்’ என்று வேண்டிக்கொண்டேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதுண்டு, அம்மாவிடம் சொன்னதில்லை. இந்த மலரில் வாசித்துத்தான் அம்மா அறிவார்கள்.

தம்பியின் உடல் சற்றுத் தேறியபோது ஒரு நிகழ்ச்சி நடந்தது. மருத்துவமனைக்கு அருகிலுள்ள பங்கைச் சேர்ந்த சில பெரியவர்கள், மருத்துவரின் அனுமதியோடு, அந்த வார்டில் இருந்த நான்கு குழந்தைகளை ஒரு வேனில் கோவளம் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தார்கள். “வீட்டில் வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கட்டாயம் வரவழையுங்கள்” என்று சொல்லியனுப்பினார்களாம். அப்பா என்னை அழைத்துக்கொண்டு ரயிலேறினார்கள்.

வேனில் ஏறியதும் ஓர் அம்மையார் என்னிடம், “உன் பேர் என்னம்மா? நீ எத்தனாவது படிக்கிறே?” என்று கேட்டார்கள். தம்பியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சன்னலோர இடத்தையும் எனக்குத்தான் கொடுத்தார்கள். கடற்கரையில் கூட்டமில்லாத ஓரமாகப் பாய் விரித்து, வீட்டிலிருந்து சுடச்சுடச் செய்து கொண்டுவந்த சோறும் மீன்குழம்பும் பரிமாறினார்கள். “பிள்ளையை நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க உக்காந்து சாப்பிடுங்கம்மா” என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா உட்கார்ந்து, அவசரமில்லாமல் சாப்பிட்டதை அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு பார்த்தேன். தம்பி முகமூடி அணிந்தபடி நண்டுவளையைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தான். நண்டு வெளியே ஓடியதும் அவன் அலறிய அலறலைக் கேட்டு அப்பா சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தார்கள். மாலையில் நான் அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் தம்பிக்கு மறுபடியும் ஊசி. எனக்கு மறுபடியும் ரயில். நோய் ஓர் அணுவளவும் அதனால் குறையவில்லை. ஆனால் அதன்பிறகு நான் எனக்குக் காய்ச்சல் வரும்படி வேண்டிக்கொள்ளவில்லை. ‘தம்பி சீக்கிரம் சுகமாக வேண்டும்’ என்றுதான் வேண்டிக்கொண்டேன். ஒரு நாள் பயணம் எங்களுக்குச் செய்த உபகாரம் இது. இறைவன் அருளால் தம்பி சிகிச்சை முடிந்து, இன்று ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். அந்த வேனில் வந்த நான்கு குழந்தைகளில் ஒரு தங்கை இப்போது இல்லை. அவளும் அன்று கடலில் கால் நனைத்தாள்.

தோழியின் கேள்விக்கு விடை

இப்போது என் தோழியின் கேள்விக்கு வருவோம். அவள் கேட்டதில் பெரும் உண்மை இருக்கிறது. செல்வ நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளில் 100க்கு 80 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள் என்றும், ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடப் பிழைப்பதில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மருந்தா, மகிழ்ச்சியா என்று இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்க முடியும் என்றால், மருந்தைத்தான் கொடுக்க வேண்டும். இதில் ஐயமே இல்லை.

ஆனால் உண்மையில் நம் முன் உள்ளது அந்தக் கேள்விதானா? ஹென்றி முதலில் கொடுத்தது என்ன? தம் ஹோட்டலில் ஓர் அறை. இன்று இரவு வெறுமையாய்க் கிடக்கும் அறையை நாளைக்கு எடுத்து வைக்க முடியாது. அதை மருந்தாக மாற்றவும் முடியாது. பூங்காவில் காலியாகச் சுற்றும் ராட்டினமும் அப்படியே. தொண்டர் ஒருவரின் ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. எங்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்ற அம்மையாரின் மீன்குழம்பை விற்று ஊசிமருந்து வாங்கியிருக்க முடியுமா? மருந்து வாங்கப் பணம் உள்ளவர் பணம் கொடுக்கட்டும். பணம் இல்லாதவரிடமும் கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறது என்பதையே இத்தொண்டு காட்டுகிறது.

இரண்டாவதாக, நோய் ஒருவருக்கு வருகிறது. துன்பம் வீட்டிலுள்ள அனைவருக்கும் வருகிறது. மருந்து நோயாளிக்கு மட்டுமே. தாயின் களைப்புக்கும், தந்தையின் கவலைக்கும், உடன்பிறந்தாரின் ஏக்கத்துக்கும் மருந்துக்கடையில் மருந்து இல்லை. அதனால்தான் அக்கிராமத்துக்குக் குழந்தையை மட்டும் அழைக்காமல் குடும்பம் முழுவதையும் அழைக்கிறார்கள்.

மூன்றாவதாக, நம் ஆண்டவரின் முதல் அற்புதத்தை நினைத்துப் பார்ப்போம். அவர் குருடருக்குப் பார்வை கொடுத்ததும், தொழுநோயாளரைக் குணமாக்கியதும் பின்னால் நடந்தவை. முதல் அற்புதம் கானாவூர்க் கல்யாண வீட்டில் நடந்தது. அங்கே யாருக்கும் நோயில்லை; யாரும் சாகக் கிடக்கவில்லை. திராட்சை இரசம் தீர்ந்துபோயிற்று. ஒரு குடும்பத்தின் மகிழ்ச்சி கெடவிருந்தது. அவ்வளவுதான். அதை முதலில் கவனித்தவர் அன்னை மரியாள். ‘இதைவிட முக்கியமான வேலை இருக்கிறது’ என்று அன்னை நினைக்கவில்லை. மகிழ்ச்சியும் மனிதருக்கு ஒரு தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நாம் செய்யக் கூடியவை

புளோரிடாவைப் போன்ற ஒரு கிராமத்தை நாம் கட்டிவிட முடியாது. நம் நாட்டில் அதைவிட அவசரமான தேவை ஒன்றும் இருக்கிறது. வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வரும் ஏழைக் குடும்பங்களுக்கு மருத்துவமனை அருகில் தங்க ஓர் இடம் வேண்டும். இடமில்லாமல் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் உண்டு. புனித யூதா ததேயுவின் பெயரால் 2006ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கிய ‘செயின்ட் ஜூட்’ இல்லங்கள் அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு இலவசமாக இடம் கொடுக்கின்றன. சென்னையிலும் அவை உண்டு.

மாணவிகளாகிய நாம் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. அவை எனக்கு அனுபவத்தில் தெரிந்தவை.

ஒன்று: புற்றுநோய் தொற்றுநோய் அன்று. அந்தக் குழந்தையின் உடன்பிறந்தாரோடு உட்காரவும் உண்ணவும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நமக்குச் சளி, காய்ச்சல் இருக்கும்போது நோயுற்ற குழந்தையைப் பார்க்கப் போகக்கூடாது. நம்மிடமிருந்துதான் அதற்கு ஆபத்து.

இரண்டு: ‘என்ன பாவமோ, கடவுள் இப்படிச் சோதிக்கிறார்’ என்று அவ்வீட்டாரிடம் சொல்லவே கூடாது. ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் பேசாமல் அருகில் இருந்தாலே போதும்.

மூன்று: வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளை நினைக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை நம் வீட்டுக்கு விளையாட அழைக்கலாம். விட்டுப்போன பாடங்களை எழுதிக் கொடுக்கலாம். ‘நீ எப்படி இருக்கிறாய்?’ என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

நான்கு: இதுவே மிக முக்கியம். நோயுற்ற குழந்தைக்கு ஒரு வாக்குக் கொடுத்தால் அதை உடனே நிறைவேற்ற வேண்டும். ‘லீவு விட்டதும் வருகிறேன்’, ‘பரீட்சை முடியட்டும்’ என்று தள்ளிப்போடக் கூடாது. ஏமிக்கு நல்ல மனிதர்கள் பலர் இருந்தார்கள். எல்லோரும் உதவத்தான் செய்தார்கள். சற்றுத் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான்.

முடிவுரை

நோயுற்ற குழந்தைக்கு உல்லாசப் பயணம் தேவையா என்ற கேள்வியோடு தொடங்கினேன். மருந்து குழந்தையின் உயிரைக் காக்கிறது. மகிழ்ச்சி அக்குழந்தை எதற்காக உயிர் வாழ வேண்டும் என்பதை நினைவூட்டுகிறது. ஆகவே இரண்டும் தேவை என்பதே என் பதில். அன்று வகுப்பில் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். என் தோழி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அவளுக்கு என் நன்றி. இந்தக் கட்டுரையை முதலில் அவளிடம்தான் வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்ததும், “அடுத்த சனிக்கிழமை உன் தம்பியைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வா. நீயும் வா” என்றாள். ‘லீவு விடட்டும்’ என்று அவள் சொல்லவில்லை.

நோயுற்ற குழந்தைகள் அனைவரையும், அவர்களுக்காக விழித்திருக்கும் பெற்றோரையும், வீட்டில் காத்திருக்கும் அவர்தம் உடன்பிறந்தாரையும் நம் அன்றாட ஜெபத்தில் நினைவுகூர்வோம். நம்மிடம் வெறுமையாய்க் கிடக்கும் அறை எது, நேரம் எது என்று பார்த்து, அதைக் காலம் தாழ்த்தாமல் கொடுக்க இறைவன் நமக்கு நல்ல மனம் அருள்வாராக!